ஒருவரும் குசினியில் நிற்காத விருந்து

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் கனடாக் கிளை, நூற்றாண்டு ஆண்டின் ஒன்றுகூடலில் வழங்கிய சமையல் விளக்க உரையின் எழுத்து வடிவம்.



பிரஷர் குக்கரில் புல்ட் போர்க் செய்வது எப்படி என்பதுதான் எமக்குத் தரப்பட்ட தலைப்பு. நூற்றாண்டு விழாவுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் நினைக்கலாம். இந்த மேசைக்கு முன்னால் நிற்கும் நாங்கள் நான்கு பேரும் வெவ்வேறு காலத்தில் எமது கல்லூரியில் படித்தவர்கள். எங்களில் ஒருவர் சுத்த சைவம். ஆகவே சம்பந்தம் என்ன என்பதை நாங்களே முதலில் எங்களுக்குள் கேட்டுப் பதில் கண்டுகொண்டுதான் வந்திருக்கிறோம்.

எமது ஒன்றுகூடல்களில் ஒரு வழக்கம் உண்டு. மண்டபத்தில் பேச்சும் பாட்டும் நடக்கும். பின்னால் குசினியில் ஒரு பத்துப் பேர் பிட்டு அவித்துக்கொண்டும், கறியைத் திரும்பச் சூடாக்கிக்கொண்டும், வடை பொரித்துக்கொண்டும் நிற்பார்கள். ஒவ்வொரு வருடமும் அதே பத்துப் பேர். கல்லூரிக் கீதத்தை அவர்கள் குசினிக் கதவடியில் நின்று பாடுவார்கள். அதிபரின் செய்தியை அவர்கள் கேட்பதில்லை. தமது வகுப்புத் தோழியோடு ஒரு பத்து நிமிடம் இருந்து கதைப்பதும் இல்லை. எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகு, ஆறிப்போனதைத் தட்டில் போட்டுக்கொண்டு வந்து உட்காரும்போது மண்டபத்தில் கதிரை அடுக்கத் தொடங்கியிருப்பார்கள்.

இவர்களில் இருவர் இப்போது வருவதை நிறுத்திவிட்டார்கள். காரணம் கேட்டபோது, "வந்தால் வேலைதானே" என்றார்கள். அதற்கு நாம் மறுமொழி சொல்ல முடியவில்லை. எமக்கும் வயது ஏறுகிறது. இன்னும் எத்தனை ஒன்றுகூடல்களில் எல்லோரையும் ஒன்றாகக் காணப்போகிறோம் என்பது எமது கையில் இல்லை. ஆனால் வந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்களா என்பது முழுக்க முழுக்க எமது கையில் இருக்கிறது.

அதற்காகத்தான் நாம் முதல் நாளே முடித்து வைக்கக்கூடிய, அடுத்த நாள் சூடாக்கினால் சுவை கெடாத, பணிசுக்குள் வைத்துத் தாங்களே எடுத்துச் சாப்பிடக்கூடிய ஒரு சாப்பாட்டைத் தேடினோம். இங்கே பிறந்த எமது பிள்ளைகள்தான் புல்ட் போர்க்கைக் காட்டித் தந்தார்கள்.

இந்தச் சாப்பாடு யாருடையது?

பன்றித் தோள் இறைச்சியை, நார் நாராகப் பிரிந்து வரும்வரை மெல்லிய சூட்டில் வேகவைத்து, கையாலோ முள்ளுக்கரண்டியாலோ இழுத்துப் பிரித்து, புளிப்பும் உறைப்புமான ஒரு குழம்போடு பிசறிச் சாப்பிடுவதே புல்ட் போர்க். இது அமெரிக்காவின் தென் மாநிலங்களின் சாப்பாடு. குறிப்பாக வட கரோலினா, தென் கரோலினா, ரெனசி மாநிலத்து மெம்பிஸ் நகரம் ஆகிய இடங்களின் பெருமை.

பார்பிக்கியூ என்ற சொல் கரீபியன் தீவுகளில் வாழ்ந்த டைனோ மக்களின் சொல்லிலிருந்து ஸ்பானிய மொழி வழியாக வந்தது. பன்றியை அங்கே கொண்டுபோனவர்கள் ஐரோப்பியர். ஸ்பானியரான எர்னாண்டோ டி சோட்டோ 1539 இல் புளோரிடாவில் இறங்கியபோது பன்றிகளையும் உடன் கொண்டு சென்றார். ஆனால் நிலத்தில் குழி வெட்டி, கட்டை எரித்துத் தணல் எடுத்து, இரவு முழுதும் கண்விழித்து இறைச்சியைப் பார்த்துப் பார்த்துத் திருப்பி வேகவைத்தவர்கள் பெரும்பாலும் அடிமைகளாக்கப்பட்ட ஆபிரிக்க மக்களும் அவர்களின் பின்வந்தோரும். தோட்ட முதலாளிகளின் விருந்துகளிலும் அரசியல் கூட்டங்களிலும் பரிமாறப்பட்டது அவர்களுடைய உழைப்பு. உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் வேறு ஆட்கள்.

நெடுங்காலம் இந்தக் கலையைப் பற்றிப் பேசியவர்கள் அவர்களைப் போதியளவு பேசவில்லை. ஏட்ரியன் மில்லர் என்ற கறுப்பின ஆய்வாளர் 2021 இல் வெளியிட்ட 'பிளாக் ஸ்மோக்' என்ற நூல் இந்த வரலாற்றை எழுதுகிறது. தென் கரோலினாவின் ஹெமிங்வே என்ற சிறிய ஊரில் குடும்பத்தோடு பன்றி சுட்டு வளர்ந்த ரொட்னி ஸ்கொட், 2018 இல் அமெரிக்காவின் உயர்ந்த சமையல் விருதுகளில் ஒன்றான ஜேம்ஸ் பியர்ட் விருதைப் பெற்றார். குசினியில் நிற்பவரை மறந்துவிட்டுச் சாப்பாட்டை மட்டும் புகழ்வது எமது மண்டபத்தில் மட்டும் நடக்கிற காரியம் அல்ல என்பதற்காகவே இதைச் சொல்கிறோம்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்லவேண்டும். குக்கரில் செய்வதைப் பார்பிக்கியூ என்று சொல்லக்கூடாது. கட்டைப் புகையின் மணமும், மேற்புறத்தில் வரும் கரிய மொரமொரப்பும் குக்கரில் வராது. நாம் செய்வது வீட்டுச் சமையல். அதன் பெயரைச் சரியாகச் சொன்னால் இரண்டுக்கும் மரியாதை.

ஏன் தோள், ஏன் குக்கர்?

பன்றி தன் பாரத்தைத் தாங்கி நடப்பது கால்களாலும் தோளாலும். உழைக்கும் தசையில் இணைப்பு நார் அதிகம். அதில் உள்ள கொலாஜன் என்ற புரதம்தான் பச்சையாக இருக்கும்போது இறைச்சியைக் கடினமாக்குகிறது. அதே கொலாஜன் ஈரமான சூட்டில், ஏறக்குறைய 70 பாகை செல்சியசுக்கு மேல், மெல்ல மெல்லக் கரைந்து ஜெலற்றினாக மாறுகிறது. அப்போது நார்கள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. அந்த ஜெலற்றின்தான் வாயில் வழுவழுப்பாகத் தெரிவது. இடுப்புப் பகுதி இறைச்சியில் இந்த நாரும் கொழுப்பும் குறைவு. அதை இப்படி நெடுநேரம் வேகவைத்தால் மரத்தூள் போல வரும். ஆகவே விலை கூடிய துண்டை வாங்கவேண்டாம். மலிவான தோள்தான் இதற்கு வேண்டும். இங்கத்தைய கடைகளில் தோளின் மேற்பகுதியைப் பொஸ்டன் பட் என்றும், கீழ்ப்பகுதியைப் பிக்னிக் என்றும் விற்பார்கள். முதலாவது நல்லது.

குழியில் இது ஏன் பத்துப் பன்னிரண்டு மணித்தியாலம் எடுக்கிறது? தணல் மெதுவாக இருப்பது ஒரு காரணம். மற்றது, இறைச்சியின் உட்சூடு 65, 70 பாகைக்கு வந்ததும் பல மணி நேரம் அங்கேயே நின்றுவிடும். மேற்பரப்பில் வெளியேறும் ஈரம் ஆவியாகி இறைச்சியைக் குளிர்வித்துக்கொண்டே இருப்பதுதான் அதற்குக் காரணம். வியர்வை எமது உடம்பைக் குளிர்விப்பது போலத்தான். மூடிய குக்கருக்குள் ஈரம் வெளியேற வழி இல்லை. ஆகவே அந்தத் தாமதமும் இல்லை.

அதோடு, திறந்த பானையில் தண்ணீர் 100 பாகையில் கொதிக்கும். அதற்கு மேல் எவ்வளவு நெருப்பு வைத்தாலும் சூடு ஏறாது. 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் 94 பாகையளவிலேயே கொதித்துவிடும். அங்கே பருப்பு அவிய நேரமெடுப்பதை மலையகத்துத் தோழிகள் அறிவார்கள். குக்கரில் அழுத்தம் கூடுவதால் கொதிநிலையும் கூடுகிறது. அடுப்பில் வைக்கும் வழமையான குக்கர் சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அழுத்தத்தில் 121 பாகைவரை போகும். மின்சாரக் குக்கர்களில் பல இதைவிடச் சற்றுக் குறைவு. அதனால் அவற்றில் பத்து நிமிடம் கூடுதலாக வைக்கவேண்டும்.

இந்தப் பாத்திரத்தின் முன்னோடியைச் செய்தவர் டெனி பப்பான் என்ற பிரெஞ்சு விஞ்ஞானி. ஆண்டு 1679. எலும்பை மெதுமையாக்கும் இயந்திரம் என்றே அதை அவர் விவரித்தார். மலிவான, கடினமான துண்டுகளையும் உணவாக்கலாம் என்பதே அதன் நோக்கம். வெடிக்காமல் இருக்கப் பாதுகாப்பு வால்வையும் அவரே பொருத்தினார். இன்று எமது பிள்ளைகளின் வீடுகளில் இருக்கும் இன்ஸ்டன்ட் பொட் என்ற மின்சாரக் குக்கர் இங்கே கனடாவில், ஒட்டாவாவில் உருவாகி, 2010 இல் விற்பனைக்கு வந்தது.

செய்முறை

ஆறு லீற்றர் குக்கருக்கு எலும்பில்லாத தோள் இறைச்சி 2 கிலோ போதும். வெந்து பிரித்ததும் ஏறக்குறைய 1 கிலோ 200 கிராம் வரும். ஒரு பணிசுக்கு 100 கிராம் என்று வைத்தால் பன்னிரண்டு பணிசு.

முதல் நாள் இரவு: இறைச்சியை நான்கு அல்லது ஐந்து துண்டாக, நாருக்குக் குறுக்கே வெட்டுங்கள். இப்படி வெட்டினால் பிரிக்கும்போது நார் அளவான நீளத்தில் வரும். இரண்டு கிலோவுக்கு 30 கிராம் உப்பு, அதாவது மட்டமான ஐந்து தேக்கரண்டி தூளுப்பு, இரண்டு தேக்கரண்டி மிளகுதூள். எல்லாப் பக்கமும் பூசி மூடிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு உள்ளே போக நேரம் வேண்டும்.

அடுத்த நாள்: இறைச்சியின் ஈரத்தைத் துடைத்துவிட்டு, குக்கரிலேயே ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, துண்டுகளை இரண்டு தடவையாகப் போட்டு நன்றாகச் சிவக்க விடுங்கள். இதில் அவசரப்படவேண்டாம். குக்கருக்குள் ஆவியில் இறைச்சி சிவக்காது. நிறமும் வறுத்த மணமும் இந்தப் பதினைந்து இருபது நிமிடத்தில் மட்டுமே கிடைக்கும். சிவந்த துண்டுகளை எடுத்து வைத்துவிட்டு, அதே கொழுப்பில் இரண்டு பெரிய வெங்காயத்தையும் ஆறு பல் உள்ளியையும் வதக்குங்கள். நெருப்பைக் குறைத்து, புகையூட்டிய பப்ரிகாத் தூள் இரண்டு மேசைக்கரண்டி, கடுகுத்தூள் இரண்டு தேக்கரண்டி சேருங்கள். ஸ்பெயினில் கருவாலி மரப் புகையில் காயவைத்து அரைத்த பப்ரிகா கிடைக்கிறது. குக்கரில் இல்லாத புகை மணத்தைக் கொஞ்சமேனும் தருவது அதுதான். ஒன்றரைக் கோப்பை தண்ணீர் விட்டு, அடியில் பிடித்திருப்பதை மரக்கரண்டியால் முழுவதும் சுரண்டிக் கரையுங்கள். அடி சுத்தமாக இல்லாவிட்டால் பிறகு கருகும்.

இறைச்சியைத் திரும்பப் போட்டு மூடுங்கள். தண்ணீர் இறைச்சியை மூடவேண்டியதில்லை. இறைச்சியும் தண்ணீர் விடும். தக்காளிச் சோஸ், சீனி இரண்டையும் இப்போது போடாதீர்கள். அவை அடியில் இறங்கிக் கருகிவிடும். வினாகிரியும் பிறகுதான். எங்களில் பலரிடம் இருப்பது அலுமினியக் குக்கர். புளி அதனோடு சேர்வது நல்லதல்ல.

அழுத்தம் முழுதாக வந்ததும் நெருப்பைக் குறைத்து, அடுப்புக் குக்கரானால் 50 நிமிடம், மின்சாரக் குக்கரானால் 60 நிமிடம். எத்தனை விசில் என்று கேட்கிறார்கள். விசில் நேரக் கணக்கு அல்ல. நெருப்பைக் கூட்டினால் விசில் கூட வரும். முதல் விசில் வந்ததும் நெருப்பைக் குறைத்துவிட்டு, மணிக்கூட்டைப் பாருங்கள்.

நேரம் முடிந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு 20 நிமிடம் தொடாமல் விடுங்கள். ஆவியைச் சட்டென்று வெளியேற்றினால் இறைச்சிக்குள் இருக்கும் சாறு கொதித்து வெளியே வந்துவிடும். இறைச்சி உலரும். திறந்து பார்த்து, முள்ளுக்கரண்டியைக் குத்தித் திருப்பினால் தானாகப் பிரியவேண்டும். பிரியாவிட்டால் மூடி இன்னும் 10 நிமிடம். அதில் பதற ஒன்றுமில்லை.

துண்டுகளை அகலமான தட்டில் எடுத்து, சூடு சற்றுத் தணிந்ததும் இரண்டு முள்ளுக்கரண்டியால் பிரியுங்கள். பெரிய கொழுப்புக் கட்டிகளை எடுத்துவிடுங்கள். குக்கரில் உள்ள சாறின் மேலே மிதக்கும் கொழுப்பை அள்ளிவிட்டு, மூடாமல் கொதிக்கவைத்துப் பாதியாக வற்றவிடுங்கள். வற்றிய சாற்றில் ஒரு கோப்பை அளவு எடுத்து இறைச்சியோடு பிசறுங்கள். மொரமொரப்பு வேண்டுமானால், தட்டில் பரப்பி அவணின் மேற்சூட்டில் ஐந்து நிமிடம் வையுங்கள். ஓரங்கள் கருக்கும். அது மிகவும் நன்றாக இருக்கும்.

மொத்தம் இரண்டேகால் மணித்தியாலம் பிடிக்கும். அதில் நாம் கையோடு நிற்பது முக்கால் மணித்தியாலம்தான்.

மூன்று குழம்புகள்

கரோலினாவில் ஊருக்கு ஊர் குழம்பு மாறும். அங்கே இதற்காகவே சண்டை பிடிப்பார்கள், நாங்கள் ஒடியற்கூழுக்குப் பிடிப்பது போல.

வட கரோலினாவின் கிழக்குப் பக்கத்தில் தக்காளி சேர்ப்பதில்லை. அப்பிள் வினாகிரி ஒரு கோப்பை, பழுப்புச் சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, இடித்த செத்தல் மிளகாய் இரண்டு தேக்கரண்டி. சீனி கரையும்வரை கலக்கி ஒரு நாள் வைத்தால் போதும். எமது நாக்குக்கு மிகவும் பிடிப்பது இதுதான். தென்னங்கள்ளு வினாகிரியில் செய்தாலும் நன்றாக வருகிறது. கொறக்காப்புளி போட்டுப் பன்றி சமைத்த வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு, கொழுப்பை வெட்டுவதற்குப் புளிப்பு வேண்டும் என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

அதே மாநிலத்தில் மேற்கே, லெக்சிங்டன் நகரப் பக்கத்தில் இதே வினாகிரியோடு அரைக் கோப்பை தக்காளிச் சோஸ் சேர்ப்பார்கள். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். தென் கரோலினாவில் மஞ்சள் கடுகுக் குழம்பு: கடுகுச் சோஸ் முக்கால் கோப்பை, வினாகிரி கால் கோப்பை, தேன் இரண்டு மேசைக்கரண்டி, மிளகு. அங்கே குடியேறிய ஜேர்மன் மக்களோடு இதைத் தொடர்புபடுத்திச் சொல்வார்கள்.

மூன்றையும் தனித்தனிப் போத்தலில் மேசையில் வைத்துவிட்டால் அவரவர் விருப்பப்படி விடலாம். பணிசுக்குள் மெல்லியதாக அரிந்த கோவா கொஞ்சம் வைப்பது அங்கத்தைய வழக்கம்.

சாப்பிடாதவர்களுக்கு என்ன?

பன்றி என்ற சொல்லைக் கேட்டதும் முகம் சுழிப்பவர்கள் எங்களிலே இருக்கிறார்கள். அது நியாயமானது. எமது வகுப்பறைகளில் இந்து, கத்தோலிக்க, புரட்டஸ்தாந்து, முஸ்லிம் பிள்ளைகள் ஒரே வாங்கில் இருந்து படித்தோம். கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் நத்தாருக்குப் பன்றி சமைப்பார்கள். சைவ வீடுகளில் அந்தப் பேச்சே இல்லை. முஸ்லிம் தோழிகளுக்கு அது மார்க்கத்தால் விலக்கப்பட்டது. மதிய இடைவேளையில் யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி ஒருவரும் கேள்வி கேட்பதில்லை. யாருடைய பெட்டிக்குள் கைவைக்கலாம், யாருடையதற்குள் வைக்கக்கூடாது என்பதும் தெரியும். அந்தப் பழக்கத்தை விழா மேசையிலும் காப்பாற்றவேண்டும்.

ஆகவே சில ஒழுங்குகள். பன்றிக்கு ஒரு குக்கர், மற்றவைக்கு வேறு குக்கர். மூடியின் றப்பர் வளையம் மணத்தைப் பிடித்து வைத்திருக்கும். எவ்வளவு கழுவினாலும் போகாது. ஆகவே ஒரே குக்கரை வளையம் மாற்றிப் பாவிப்பதும் எமக்குச் சரியாகப் படவில்லை. கரண்டி, தட்டு, மேசை எல்லாம் தனி. ஒவ்வொரு பாத்திரத்துக்கு முன்னும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி வையுங்கள். ஒருவரும் தயங்கித் தயங்கிக் கேட்கவேண்டிய நிலை வரக்கூடாது. முஸ்லிம் தோழிகளுக்கான இறைச்சியை ஹலால் கடையில் வாங்குங்கள். அதைச் சமைக்கிற பாத்திரமும் தனி. அவர்களிலேயே ஒருவர் தன் வீட்டில் செய்து கொண்டுவர விரும்பினால் அதற்கு இடம் விடுங்கள்.

இதே முறையில் கோழித் தொடை, எலும்பில்லாதது, 12 நிமிடம். ஆட்டுத் தோள் 45 நிமிடம். சைவத்துக்குப் பிலாக்காய். இளம் பிலாக்காய் ரின்களில் வருகிறது; எமது நாட்டிலிருந்தும் வருகிறது. பாகில் போட்டதை வாங்காமல், தண்ணீரிலோ உப்புத் தண்ணீரிலோ போட்டதைப் பார்த்து வாங்குங்கள். கழுவி, வெங்காயத்தோடும் தூளோடும் ஐந்து நிமிடம் அவித்து, பிரித்து, பிறகு தாச்சியில் ஓரம் சிவக்க வதக்கவேண்டும். கறியாகச் சாப்பிட்டு வளர்ந்த எமக்கு, இங்கத்தைய இளம் பிள்ளைகள் பிலாக்காயை இறைச்சிக்குப் பதிலாகப் புதிதாகக் கண்டுபிடித்தது போலப் பேசுவது சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் பிலாக்காயில் புரதம் குறைவு. ஆகவே பக்கத்தில் கடலைச் சுண்டலும் வையுங்கள். ஒன்றுகூடலை வெள்ளிக்கிழமையில் வைத்தால், மேசை முழுதும் பிலாக்காயே ஓடிவிடும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

அறுபது பேருக்கு நாங்கள் போடும் கணக்கு இது: பன்றி 4 கிலோ, கோழி 3 கிலோ, பிலாக்காய் எட்டு ரின், பணிசு எண்பது. பன்றியை ஒரே பின்னேரத்தில் இரண்டு தடவையாகச் செய்து முடிக்கலாம். மூன்று வீடுகளில் பங்கிட்டால் ஒரு வீட்டுக்கும் பாரம் இல்லை.

பாதுகாப்பு

குக்கருக்குப் பயந்து அதை அலுமாரி மேல் ஏற்றி வைத்திருக்கும் அக்காமார் பலர். பயம் தேவையில்லை, கவனம் தேவை. மூடு முன் மூடியின் ஆவிக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள், மறுபக்கம் தெரியவேண்டும். றப்பர் வளையம் வெடித்திருந்தால் மாற்றுங்கள். மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். கடலை, பருப்பானால் அரைவாசிக்கு மேல் வேண்டாம். அழுத்தம் முழுதாக இறங்குமுன் மூடியைப் பலவந்தமாகத் திறக்காதீர்கள். திறக்கும்போது மூடியின் மறுபக்கத்தை முதலில் உயர்த்துங்கள். ஆவி முகத்தில் அடிக்காது. கைநடுக்கம் உள்ளவர்களுக்கு மின்சாரக் குக்கர் நல்லது. நேரம் முடிந்ததும் தானாக நின்றுவிடும்.

முதல் நாள் சமைத்து வைக்கும்போது இதைவிடப் பெரிய ஆபத்து குக்கரில் இல்லை, ஆறவைப்பதில் இருக்கிறது. பெரிய பாத்திரத்தில் அப்படியே விட்டால் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூட்டில் இருக்கும். கிருமி வளர அது போதும். பிரித்த இறைச்சியை ஆழமில்லாத தட்டுகளில் பரப்பி, இரண்டு மணித்தியாலத்துக்குள் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்கவேண்டும். அங்கே மூன்று, நான்கு நாள் இருக்கும். உறைநிலையில் இரண்டு மூன்று மாதம் சுவை கெடாது. திரும்பச் சூடாக்கும்போது, எடுத்து வைத்த சாற்றில் கொஞ்சம் விட்டு, மூடி, நடுப்பகுதியும் ஆவி பறக்கும்வரை, அதாவது 74 பாகைவரை சூடாக்குங்கள்.

தனியாக வாழும் எமது தோழிகளுக்கு இது இன்னொரு விதத்திலும் உதவும். ஒரு கிலோ செய்து, ஒரு வேளைக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி உறைநிலையில் வைத்தால், சமைக்க மனம் இல்லாத நாளிலும் பாணோடோ சோறோடோ சூடாகச் சாப்பிடலாம். ஒருவருக்காக அடுப்பு மூட்டுவானேன் என்று பாணும் தேநீருமாக நாளைக் கழிப்பவர்கள் எங்களில் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியும்.

ஒரு வேண்டுகோள்

மனையியல் பாடத்தில் எமது ஆசிரியைகள் சமையலை மட்டும் கற்பிக்கவில்லை. நேரத்தைத் திட்டமிடவும், செலவைக் கணக்குப் போடவும், பரிமாறியவர்களும் உட்கார்ந்து சாப்பிடுவதற்கு இடம் விடவும் கற்பித்தார்கள். முதல் இரண்டையும் நாம் பிடித்துக்கொண்டோம். மூன்றாவதை விட்டுவிட்டோம்.

எங்கெங்கோ இருக்கும் எமது கிளைகள் எல்லாவற்றிடமும் இந்த நூற்றாண்டில் நாம் கேட்பது ஒன்றுதான். லண்டனிலோ மெல்பேணிலோ கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ எங்கே கூடினாலும், முதல் நாளே முடிக்கக்கூடிய சாப்பாட்டைத் தெரிவுசெய்யுங்கள். அது பன்றியாக இருக்கவேண்டியதில்லை. கட்டுச்சோறாகவும் இருக்கலாம். சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் குசினி விளக்கை அணைத்துவிடுங்கள். கீதம் பாடும்போது எல்லோரும் மண்டபத்துக்குள் நிற்கட்டும். வருவதை நிறுத்திவிட்ட அக்காமாருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு எடுத்து, இந்த முறை வேலை இல்லை, வந்து உட்காருங்கள் என்று சொல்லுங்கள்.

பின்னால் மேசையில் மூன்று பாத்திரங்களும் பெயரோடு இருக்கின்றன. எல்லாம் நேற்றே முடிந்தவை. ஆகவே நாங்கள் நான்கு பேரும் இப்போது உங்களோடு வந்து உட்காரப்போகிறோம்.